ஐஸ் போடாத பெட்டி

போன மாதம் நஸ்ரின் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரி லாப்புக்குப் பொறுப்பாக இருப்பவள் அவள்தான். “மிஸ், புது மெஷின் வந்திட்டுது. ரியூப்பை வைச்சாச் சரி, வெள்ளைக் கலம் எல்லாத்தையும் அதுவே எண்ணிப் பேர் சொல்லுது. இனிக் கண்ணைப் பழுதாக்கத் தேவையில்லை” என்றாள்.

எனக்கு முதலில் பத்திக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருடம் முதுகை வளைத்துக் குந்தியிருந்து எண்ணினவள் நான். பிறகு யோசித்தேன், எண்ணுகிற வேலையை மெஷின் செய்தால் நல்லதுதானே. “சரி, எண்ணட்டும். ஆளை விசாரிக்குமா உங்கட மெஷின்?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். “அதைத்தான் மிஸ் எழுதித் தாங்கோ. புதுப் பிள்ளையள் நாலு பேர் வந்திருக்கினம். தர்சினியின்ர கதையைச் சொன்னன், நம்பமாட்டினமாம்.”

நம்பமாட்டினமாமே! அப்படியென்றால் எழுதத்தான் வேண்டும். ஆனால் என் புத்திசாலித்தனத்தை எழுதப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் செய்த மடைத்தனங்கள் இரண்டும் இதற்குள் இருக்கின்றன.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீரி என்ற கரையோர ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தேன். கொழும்பில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஊருக்கே வந்தேன். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல், நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி மலேரியாக் கிருமி தேடினேன். மழை இருட்டினால், “நாளைக்கு வெயில் வந்தாச் சொல்லுறன், போயிட்டு வாங்கோ” என்று நோயாளியை அனுப்பியும் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில்தான் டொக்டர் தில்ருக்ஷி எங்களிடம் வந்தா. காலிப்பக்கத்துச் சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவ. வெளிநாட்டில் நாலு வருடம் எலும்பு மச்சை மாற்றிய நோயாளிகளின் இரத்தத்தில் ஆராய்ச்சி செய்தவ. அப்படிப்பட்டவ உப்புக்காற்றும் கழுதையும் உள்ள இந்த ஊருக்கு ஏன் வரவேண்டும்? “மேலிடத்தில ஆரோடையோ கொழுவியிருப்பா” என்று நான்தான் கதை கட்டினேன். உண்மையில் அவ கேட்டுத்தான் வந்தவ. அகதி முகாமில் வேலை செய்த காலத்தில் பழகின தமிழை எங்களோடு தயங்காமல் கதைத்தா.

அவவுக்கு ஒரு பழக்கம். சிலைட்டைக் கொண்டுபோய் வைத்தால் உடனே பார்க்கமாட்டா. பனங்கட்டியைக் கடித்துப் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, “மிஸ் பிலோமினா, நீங்க பார்த்தது என்ன?” என்று கேட்பா. “இரத்தச்சோகை போலக் கிடக்குது டொக்டர்” என்றால், “அது நீங்க நினைச்சது. பார்த்தது என்ன?” என்பா. சிவப்புக் கலம் சின்னன், நடுவில் வெளிறிப்போய் இருக்குது என்று கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பா. நல்லது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிழை என்றால், “இன்னொரு நூறு எண்ணுங்க” என்பா. முதல் மூன்று மாதமும் எனக்கு அவவைக் கண்டால் கடுப்பு.

தர்சினியின் சிலைட்டை நான் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. பெரியமடுவில் மீளக் குடியேறின குடும்பம், வயல் செய்யும் கமக்காரர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. காய்ச்சல் விடுகிறதில்லை, பல் முரசில் இரத்தம் கசிகிறது, காலெல்லாம் ஊதாப் புள்ளி. அவளோடு தாய் பாக்கியம், தகப்பன் இராசன், பதினாறு வயது அண்ணன் துஷி மூவரும் வந்திருந்தார்கள். மெலிந்த கறுத்த பொம்பிளையான பாக்கியம், வரிசையில் நின்ற அத்தனை நேரமும் பிள்ளையின் சால்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தா.

ஒரு துளி இரத்தம் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுவையில் தள்ளினேன். நாக்கு மாதிரி நுனி மெலிந்து வரவேண்டும், வந்தது. காயவைத்துச் சாயம் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீர் கலந்து, இன்னும் ஏழு நிமிடம் விட்டுக் கழுவினேன். எண்ணெய்த் துளி வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒரே வகைப் பெரிய கலங்கள்.

“பார்த்தது என்ன?” என்றா டொக்டர்.

“பெரிய கலம். கரு முழுக்க நிரப்பிக்கொண்டு நிக்குது. கருவுக்குள்ள ரெண்டு மூண்டு வெளிர் வட்டம். நூறு எண்ணினன், எழுபத்தெட்டு இதுதான். சிலதுக்குள்ள சிவப்பு ஊசி மாதிரி ஒரு கோடு.”

அவ ரீக் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து கனநேரம் பார்த்தா. எழும்பி, “அந்தக் கோடு பொய் சொல்லாது” என்றா. இரத்தப் புற்றுநோய். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்துத் தலைமயிர் எல்லாம் கொட்டி, ஆனால் சிரித்துக்கொண்டு தர்சினி திரும்பி வந்தாள். ஊசி மருந்தில் நோய் அடங்கியிருந்தது. கொழும்புப் பெரிய டொக்டரின் கடிதம் வேறு கதை சொன்னது. இது திரும்பி வருகிற வகை, வந்தால் மருந்து கேட்காது, அதற்கு முன் எலும்பு மச்சை மாற்ற வேண்டும், கூடப்பிறந்தவர்களின் இரத்தத்தைப் பொருத்தம் பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

புதுப் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் இரத்தத்தில் காவல் வேலை பார்க்கும் வெள்ளைக் கலங்கள் இருக்கின்றன. உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தையும் தட்டிப்பார்த்து, எங்கட ஆளா பிற ஆளா என்று கேட்பதுதான் அவற்றின் தொழில். புற்றுநோய்க் கலம் எங்கட ஆள் மாதிரி வேசம் போட்டுத் தப்பிவிடும். எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சையை இன்னொருவரிடமிருந்து எடுத்து உள்ளே விட்டால் புதுக் காவல்காரர் வருகிறார்கள். அவர்களிடம் அந்த வேசம் செல்லாது, ஒளித்துக் கிடப்பதையும் தேடி அழித்துவிடுவார்கள். ஆனால் புதுக் காவல்காரருக்கு வீட்டுக்காரரையே அடையாளம் தெரியாவிட்டால் தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிடுவார்கள். அதற்குத்தான் பொருத்தம் பார்க்கிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவர் முழுக்கப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

பொருத்தம் பார்க்கும் லாப் கொழும்பில். டொக்டரின் சிநேகிதிக்கு அங்கே வேலை. கலங்கள் உயிரோடு வந்துசேர வேண்டும், ஒரு நாளுக்கு மேல் பிந்தக்கூடாது என்று அவ சொல்லியிருந்தா. தாய், தகப்பன், துஷி, தர்சினி நாலு பேரிடமும் இரத்தம் எடுத்தேன். பாக்கியம்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினவ. “எவ்வளவும் எடுங்கோ மிஸ், பிள்ளை சுகப்பட்டாச் சரி” என்றா.

பஸ்ஸை நம்பாமல் என் தம்பி அந்தோனியிடம் பெட்டியைக் குடுத்தேன். அவனுக்கு மீன் லொறி ஓட்டம். பின்னேரம் பேசாலையில் ஏற்றினால் விடியக் கொழும்பில் நிற்பான். “டேய், இது ஒரு பிள்ளையின்ர உயிர். பத்திரம்” என்று மட்டும்தான் சொன்னேன். மீதியைச் சொல்லத் தோன்றவே இல்லை. அதுதான் என் முதல் மடைத்தனம்.

அடுத்தநாள் பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. டொக்டர்தான் எடுத்துக் கேட்டா. கலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலச் சாயம் உண்டு. உயிருள்ள கலம் அதை உள்ளே விடாது, பளிச்சென்று நிற்கும். செத்தது நீலமாகிவிடும். “எல்லாம் நீலம், மிஸ் பிலோமினா” என்றா. “பெட்டிக்குள்ள ஐஸ் இருந்ததாம்.”

இந்த இரத்தத்தைக் குளிரில் வைக்கக்கூடாது, எங்கள் அறைச் சூட்டிலேயே போகவேண்டும். அந்தோனி திரும்பி வந்ததும் வராததுமாய் வாசலில் பிடித்தேன். அவனோ வெற்றி வீரன் மாதிரி இறங்குகிறான். “அக்கா, கண்ணுக்குள்ள வைச்சுக்கொண்டு போனனான். ரெண்டு தரம் ஐஸ் மாத்தினனான். புத்தளத்தில நிப்பாட்டி, மீனுக்குப் போடாம இதுக்குத்தான் முதல் புது ஐஸ் போட்டனான்!”

“அறுவானே, ஆரடா உன்னை ஐஸ் போடச் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? ஐஸ் போடாம எங்கட ஊரிலயிருந்து என்ன சாமான் கொழும்புக்குப் போயிருக்குது?”

அவன் கேட்டது நியாயம்தான். இந்தக் கரையில் பழுதாகிற எதுவும் ஐஸில்தான் போகும், விலைகூடின மீனுக்கு ஐஸும் கூட. மீன்காரன் மகள் நான், எனக்குத் தெரியாதா? திட்டினது அவனை, திட்டியிருக்க வேண்டியது என்னை. விசயம் விளங்கினவுடன் அவன் லொறிப் படியில் குந்தித் தலையில் கைவைத்துவிட்டான். “பிள்ளைக்கு ஏதும் ஆகிடுமோ அக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

திரும்ப இரத்தம் எடுக்கவேண்டும். பெரியமடுவிலிருந்து இரண்டு பஸ் ஏறிக் குடும்பம் மறுபடி வந்தது, தர்சினியை வெளி வாங்கிலில் துஷியோடு இருத்திவிட்டுத் தாயும் தகப்பனும் உள்ளே வந்தார்கள். இந்த முறை ஒன்றும் பிழைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் விளக்க வெளிக்கிட்டேன். ஒரு பழைய படிவத்தின் பின்பக்கம் கோடு போட்டேன். “தாயிட்ட ரெண்டு கோடு. தகப்பனிட்ட ரெண்டு கோடு. பிள்ளைக்குத் தாயிட்டயிருந்து ஒண்டு, தகப்பனிட்டயிருந்து ஒண்டு. நாலு பேரின்ரயையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா, ஆரிட்டயிருந்து எது வந்தது எண்டு அச்சொட்டாத் தெரியும்.”

பாக்கியம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு கதிரையிலிருந்து எழும்பினா. “இரத்தம் வேண்டாம் மிஸ்.”

“என்ன?”

“வேண்டாம். பிள்ளைக்கு இப்ப சுகம்தானே. கோயிலுக்கு நேந்திருக்கிறன். நாங்கள் வாறம்.”

எனக்கு வந்ததே விசர். “பெத்த பிள்ளையை உங்கட கையாலேயே கொல்லப்போறியளோ?” என்று கேட்டேன். ஓம், அப்படியே கேட்டேன், அந்தச் சொற்களில்தான். இராசன் நிலத்தைப் பார்த்தார். பாக்கியம் வெளியே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டா. அதுதான் என் இரண்டாவது மடைத்தனம்.

டொக்டரிடம் போய்க் கொட்டினேன். “படிப்பறிவில்லாத பிடிவாதம் டொக்டர். கோயில் நேத்தி எண்டு பிள்ளையைச் சாகக் குடுக்கப்போறா.”

அவ பனங்கட்டியை மெதுவாகக் கடித்தா. “அது நீங்க நினைச்சது. பார்த்தது என்ன?”

“மனுசியைப் பாக்கிறதும் சிலைட்டைப் பாக்கிறதும் ஒண்டோ டொக்டர்?” என்று வெடித்தேன். அவ இன்னொரு துண்டுப் பனங்கட்டியை எடுத்தா. வேறு வழியில்லாமல் யோசித்தேன். பார்த்தது என்ன? போனமுறை முதல் ஆளாகக் கை நீட்டினவ. இந்த முறையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் வந்திருந்தா. நான் கோடு போடத் தொடங்கும்வரை பயமே இல்லை. பயந்தது ஊசிக்கு இல்லை, அந்தக் கோடுகளுக்கு.

“கடவுளே” என்றேன்.

டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தா. “நாங்க கேட்கவேண்டியது அவங்களை. வேற ஒருத்தரையும் இல்ல. போங்க, மன்னிப்பும் கேளுங்க” என்றா.

சனிக்கிழமை போனேன். பெரியமடுச் சந்தியில் இறங்கி ஒரு ஓட்டோ பிடித்தேன். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கட்டுகிற வீட்டின் சுவர் இடுப்பளவுக்கு எழும்பி நின்றது, பக்கத்தில் தகரக் கொட்டில். பாக்கியம் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் திடுக்கிட்டா, ஆனாலும் “வாங்கோ மிஸ், இருங்கோ” என்று கதிரையை எடுத்துப்போட்டா. பிள்ளைகள் வாய்க்காலில் குளிக்கப் போயிருந்தார்கள்.

“நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். “ஒண்டு மட்டும் கேக்கிறன். சொல்ல விருப்பமில்லாட்டி நான் எழும்பிப் போறன், ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். தர்சினி நீங்கள் பெத்த பிள்ளையா?”

நெல்லைத் துழாவின கால் நின்றது. அப்படியே நிலத்தில் குந்தினா.

தர்சினி அவவின் தங்கச்சியின் பிள்ளை. ஒரு வயது ஆகுமுன் தங்கச்சியும் புருசனும் ஷெல் விழுந்து ஒரே இடத்தில் போய்விட்டார்கள். மூத்தது ஆறு வயதுப் பெடியன், யோகன். அவனைத் தகப்பனின் தம்பி வள்ளத்தில் இந்தியாவுக்குக் கொண்டுபோனார். கைக்குழந்தையைக் கடலில் ஏற்றப் பயந்து பாக்கியத்திடம் விட்டுப்போனார். இடம்பெயர்ந்த முகாமில் பதியும்போது, தாய் தகப்பன் இல்லையென்றால் பிள்ளையை அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, தன் பிள்ளை என்று பதிந்துவிட்டா. சண்டை முடிந்த பிறகு அரசாங்க நடமாடும் சேவையில் பிறப்புப் பத்திரமும் அப்படியே எடுத்தாயிற்று. தர்சினிக்கு இது ஒன்றும் தெரியாது.

“அந்தப் பெடியன் இப்ப எங்க?”

பாக்கியம் முகத்தைப் பொத்திக்கொண்டா. “ஓலைத்தொடுவாயில. இந்தியா முகாமிலயிருந்து திரும்பி வந்து, சித்தப்பன்ர படகில தொழிலுக்குப் போறான். வந்தவுடன தங்கச்சி எங்க எண்டு விசாரிச்சுச் சொல்லி அனுப்பினவை மிஸ். நான்… பிள்ளை செத்துப்போச்சு எண்டு சொல்லி விட்டிட்டன். கேட்டாக் குடுக்கவேண்டி வந்திடும் எண்டு. அதுக்குப் பிறகு பாலம் தாண்டி ரவுனுக்கு வாறதெண்டாலே ஈரக்குலை நடுங்கும், எங்கையும் அவன் கண்ணில பட்டிடுவன் எண்டு.”

பிள்ளையை இழக்கக்கூடாது என்று சொன்ன பொய், அது அவிழாவிட்டால் பிள்ளையே இல்லை. அவவும் அதை விளங்கித்தான் இருந்தா, மூன்று இரவும் நித்திரை இல்லையாம். ஐஸ் போடாமல் அந்த முதல் இரத்தம் ஒழுங்காகப் போயிருந்தால், இந்தக் கதை ஒரு காகிதத்தில் வந்து எல்லார் முன்னாலும் உடைந்திருக்கும். என் தம்பியின் மடைத்தனத்துக்கு அன்றைக்குத்தான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

“என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன்.

அவ சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. “நாளைக்குப் போறன் மிஸ். தனியப் போகக் கால் வராது. நீங்களும் வாங்கோ.”

ஞாயிறு பூசை முடிந்து நான் பஸ் நிலையத்தில் நின்றேன். ஓலைத்தொடுவாய்க் கரையில் யோகனைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. வலையில் சிக்கின நண்டுகளைக் கழற்றிக்கொண்டு இருந்தான். அந்த நாடி, அந்தப் புருவம், அப்படியே தர்சினி. பாக்கியத்தைக் கண்டதும் எழும்பி, “பெரியம்மா!” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்க எனக்கே தாங்க முடியவில்லை.

“தம்பி, உன்ர தங்கச்சி சாகேல்லை” என்றா பாக்கியம். சுற்றிவளைக்கவில்லை. “நான் பொய் சொல்லிப்போட்டன். அவளுக்குச் சரியான வருத்தம். நீ இரத்தம் குடுத்துப் பாக்கவேணும்.”

அவன் திரும்பக் குந்தினான். இன்னும் இரண்டு நண்டைக் கழற்றினான். “ரெண்டு ஆடி அமாவாசைக்கு அவளுக்கும் சேத்து எள்ளுத்தண்ணி இறைச்சிருக்கிறன்” என்றான். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு.” பாக்கியம் விம்மி விம்மி அழுதா. அவன் ஆறுதல் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. வலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “நான் இருக்கிறன் எண்டு அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“அப்ப முதல்ல அதைச் சொல்லுங்கோ” என்றான். பிறகு சட்டென்று கையை நீட்டினான், செதிலும் சேறுமாக. “எடுங்கோ.”

“எடேய், கையைக் கழுவு முதல்ல. இது லாப்போ கடற்கரையோ? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா” என்றேன். அழுகிற வாக்கில் நின்ற மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

தர்சினிக்குத் தாயே சொன்னா. டொக்டர் அதில் கண்டிப்பு, பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு துளியும் அனுப்பமாட்டேன் என்றா. கேட்ட பிள்ளை இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை. பாக்கியம் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் காலமை, “அம்மா, பசிக்குது” என்றாளாம்.

இந்த முறை ரியூப்களைப் பஞ்சிலும் துவாயிலும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அந்தோனி அதைத் தன் பக்கத்துச் சீற்றில் வைத்துப் பெல்ட் போட்டான். கிளீனரைப் பின்னால் மீன் பெட்டிகளோடு அனுப்பிவிட்டான். “வெயில் படக்கூடாது, குளிரும் படக்கூடாது, குலுங்கவும் கூடாது. கலியாணப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போறமாதிரி ஓட்டுறன் அக்கா” என்றான். அடுத்தநாள் போன் வந்தபோது டொக்டர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா. “நீலம் இல்ல.”

முடிவு வர எட்டு நாள். நாலில் ஒன்றுதான் வாய்ப்பு என்பது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எட்டாம் நாள் காகிதம் வந்தது. டொக்டர் ஒரு முறை வாசித்தா, விரலை வைத்து வரி வரியாக இன்னொரு முறை வாசித்தா. பிறகு என்னிடம் நீட்டினா.

“பார்த்தது என்ன?” என்றா.

“எல்லாம் பொருந்துது டொக்டர். ஒண்டும் விடாம எல்லாம்.”

அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “நல்லது” என்றா. இரண்டு வருடத்தில் அவ வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

இந்தியாவில்தான் செய்யவேண்டியிருந்தது. கோயில், பள்ளிவாசல், சேர்ச் எல்லாப் பக்கத்தாலும் உதவி வந்தது. வள்ளத்தில் ஒளித்துப் போன பெடியன், பாஸ்போட் எடுத்துப் பிளேனில் போனான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சையைப் பையில் தொங்கவிட்டுத் தங்கச்சியின் நரம்புக்குள் விட்டார்கள். இருபது நாளுக்குப் பிறகு தர்சினிக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகிறது என்று பாக்கியம் போனில் அழுதா. நான் பதறிப்போய் டொக்டரிடம் ஓடினேன். “சின்னதாச் சண்டை பிடிக்கட்டும், மிஸ் பிலோமினா. வந்தவங்க விழிப்பா இருக்காங்க. பெரிசாகாமப் பார்க்கத்தான் மருந்து இருக்கு” என்றா. அவ சொன்னபடியே சண்டை அடங்கியது, தோல் ஆறியது. டொக்டர் இடம் மாறிக் கொழும்புக்குப் போன பிறகும் மாதா மாதம் போன் எடுத்துத் தர்சினியின் எண்ணிக்கைகளைக் கேட்பா.

ஊருக்கு வந்து ஒரு வருடம் கழிந்த ஒரு நாள் தாயோடும் யோகனோடும் தர்சினி வழமையான சோதனைக்கு வந்தாள். தலைமயிர் சுருளாக வளர்ந்திருந்தது. அப்போது நஸ்ரின் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள், புத்தளத்திலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளை, சரியான கவனம். இரத்தவகை பார்த்துவிட்டு வெளிறின முகத்தோடு ஓடிவந்தாள். “மிஸ், ரியூப் மாறிப் போச்சு! பழைய ரெஜிஸ்டரில B எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். இப்ப O காட்டுது. மூண்டு தரம் பாத்திட்டன்.”

இரத்தவகை பார்க்கும் வெள்ளைப் பீங்கான் தட்டை அவளிடம் வாங்கிப் பார்த்தேன். திரள வேண்டிய துளி திரளாமல் அப்படியே கிடந்தது. யோகனின் வகை O. அந்தப் பிள்ளையின் எலும்புக்குள் இப்போது இரத்தம் ஊற்றெடுப்பது அவனுடைய மச்சையிலிருந்து. பழைய நோய் குடியிருந்த வீடே இல்லை. நான் நஸ்ரினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். சந்தோசப்படுவா என்றுதான் நினைத்தேன். அவ அந்தப் பீங்கான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு மெல்லிய குரலில் கேட்டா. “அப்ப மிஸ், இப்ப அவளுக்குள்ள ஓடுறது முழுக்க அவனின்ர இரத்தமா? இனி அவள் அவையின்ர பிள்ளைதானோ? எனக்கு அவளிட்ட என்ன இருக்குது?”

நான் வாய் திறக்குமுன் வெளியே இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டன. “பெரியம்மா, பஸ் வந்திட்டுது!” என்றது யோகனின் குரல். மற்றது தர்சினி, அதைவிடப் பெரிய சத்தமாக, கோபமாக, “அம்மா! எவ்வளவு நேரமம்மா, கெதியா வாங்கோ, யன்னல் சீற் போயிடும்!”

“வாறன் பிள்ளை, வாறன்!” என்று கத்திக்கொண்டு பாக்கியம் ஓடினா. கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் கேட்க நிற்கவில்லை.